36 லட்சத்துக்குள் என்ன இருக்கிறது?

ஆண்டுக்கு 36 லட்சம் சி.டி.சி. (கம்பெனி ஓர் ஊழியருக்காகச் செய்யும் மொத்தச் செலவு) என்று ஒரு ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தால், வேறு எதையும் யோசிப்பதற்கு முன்னால் அந்த எண்ணைப் பிரித்துப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். சென்ற ஆண்டு எனக்கு அப்படி ஒன்று வந்தது. அப்போது நான் வாங்கிக்கொண்டிருந்தது 24 லட்சம். வித்தியாசம் 12 லட்சம், அதாவது மாதம் ஒரு லட்சம் கூடுதல். வீட்டில் சொன்னதும் அம்மாவும் இதே கணக்கைத்தான் போட்டார்.

பிரித்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. 36 லட்சத்தில் 15 சதவீதம், 5.4 லட்சம், வேரியபிள். கம்பெனியும் இலக்கைத் தொட்டு, நானும் தொட்டால் வரும். 4 லட்சம் பங்குகளாக. நான்கு ஆண்டுகளில் சிறுகச் சிறுகக் கைக்கு வரும். முதல் ஆண்டு முடிவதற்குள் வேலையை விட்டால் ஒன்றும் கிடையாது. கம்பெனி சந்தையில் பட்டியலிடப்படவில்லை, அதனால் பங்கு கையில் இருந்தாலும் நினைத்த நேரத்தில் விற்க முடியாது. மீதி 26.6 லட்சம். அதற்குள் கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கும், வேலையை விட்டு விலகும்போது தரும் கிராஜுவிட்டிக்கான ஒதுக்கீடும் இருக்கின்றன. அடிப்படைச் சம்பளம் மாதம் ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 2 லட்சம். அதையும் கழித்து, 2025-26 புதிய வரிமுறைப்படி வருமான வரி, என் பங்கு பி.எஃப்., கர்நாடகத்தின் தொழில் வரி எல்லாம் போனால், மாதம் கைக்கு வருவது சுமார் 1.67 லட்சம்.

நான் இருக்கும் வேலையில் வேரியபிளும் பங்கும் கிடையாது. 24 லட்சத்தில் கைக்கு வந்துகொண்டிருந்தது சுமார் 1.51 லட்சம்.

ஆக, உறுதியாகக் கூடுவது மாதம் 16,000 ரூபாய்.

வேரியபிள் முழுதாக வந்தால் வரி போக ஆண்டுக்கு 3.7 லட்சம் போலக் கிடைக்கும். அது சின்னத் தொகை இல்லை. பங்கு ஒருநாள் பெரிய பணமாகலாம், ஆன ஆட்களையும் பெங்களூரில் எனக்குத் தெரியும். ஆனால் வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஒவ்வொரு மாதமும் வருகின்றன. மாதச் செலவை மாதாமாதம் உறுதியாக வரும் பணத்தோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு படி கீழே இறங்கினேன். இப்போதைய வேலை வாரத்துக்கு ஏறக்குறைய 45 மணி நேரம். புதிய இடத்தில் அதே குழுவில் இருப்பவர்களிடம் விசாரித்தபோது 55 என்றார்கள். மணிக்கு இவ்வளவு என்று வகுத்தால் இப்போதைய வேலையில் சுமார் 780 ரூபாய், புதிய வேலையில் சுமார் 710. சம்பளம் ஏறுகிறது, ஒரு மணி நேரத்தின் விலை இறங்குகிறது. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று சொன்னபோது ஊரே அதைப் பற்றிப் பேசியது. அந்தக் கூடுதல் மணிகளுக்குத் தனியாக ஊதியம் உண்டா என்ற கேள்வி அந்தப் பேச்சில் போதிய அளவு கேட்கப்படவில்லை என்பது என் வருத்தம்.

பயணமும் இருக்கிறது. நான் இருப்பது கே.ஆர்.புரம். இப்போதைய அலுவலகம் வொயிட்ஃபீல்டு பக்கம், 2023-இல் மெட்ரோ ரயிலின் பர்ப்பிள் லைன் முழுதாக ஓட ஆரம்பித்ததிலிருந்து போக்குவரத்து நெரிசல் என்ற பேச்சே எனக்கு இல்லை. புதிய அலுவலகம் அவுட்டர் ரிங் ரோட்டில், பெல்லந்தூர். அந்த வழியில் மாலை ஏழு மணிக்கு வண்டி ஓட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் உண்டு. ‘சம்பளமா, மனநிறைவா’ என்று கேட்கும்போது சம்பளம் ஒரு பெரிய எண்ணாக வந்து நிற்கிறது. நிறைவு ஒரு நினைப்பாக மட்டும் நிற்கிறது. எண்ணுக்கும் நினைப்புக்கும் போட்டி வைத்தால் எண்தான் ஜெயிக்கும். அதனால் முதலில் எண்ணை அதன் உண்மையான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம் நிறைவையும் அதே அளவுக்குத் தெளிவாக எழுதிப் பார்க்க வேண்டும். எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். ஆனால் இதன் இரண்டாவது பாதி கடினம்.

என் வேலையைச் சொல்கிறேன். மருத்துவப் பரிசோதனைக் கூடங்களில் ரத்தத்தைப் பரிசோதிக்கும் இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதுகிறோம். ஒரு உதாரணம்: ரத்தம் எடுக்கும்போது ஊசி சரியாகப் போகாமலோ, குழாயை வேகமாகக் குலுக்கியதாலோ சிவப்பணுக்கள் உடைந்துவிடும். உடைந்தால் அதற்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கலந்து, பரிசோதனையில் அளவு கூடுதலாகக் காட்டும். உண்மையில் நோயாளிக்கு ஒன்றும் இருக்காது. ஆனால் பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பு பாதிக்கும் என்பதால் மருத்துவர் பதறி சிகிச்சையைத் தொடங்கலாம். இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம்: ரத்தம் கெட்டிருக்கும் என்று நினைத்து உண்மையான ஆபத்தை விட்டுவிடலாம். மாதிரி கெட்டிருக்கிறதா என்று கண்டுபிடித்து, ‘மறுபடி ரத்தம் எடுங்கள்’ என்று திரையில் எச்சரிக்கை காட்டும் பகுதி எங்கள் குழுவுடையது. எப்போது எச்சரிக்க வேண்டும், எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்ற எல்லையை வகுப்பதில் பல மாதங்கள் போகும். அடிக்கடி எச்சரித்தால் டெக்னீஷியன் அதை மதிக்க மாட்டார். குறைவாக எச்சரித்தால் இயந்திரத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒரு சின்ன ஊர் மருத்துவமனையில் இரவு டியூட்டியில் இருந்த டெக்னீஷியன் ஒருவர், எங்கள் எச்சரிக்கை வந்ததும் முனகாமல் எழுந்து போய்த் திரும்ப ரத்தம் எடுத்து வந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். “இது சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம்” என்றார். அந்த வேலையில் எனக்குக் கிடைப்பது என்ன என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

புதிய வேலை இணைய விளம்பரத் துறையில். ஒருவர் ஒரு பக்கத்தைத் திறக்கும் கணத்தில், எந்த விளம்பரம் காட்டுவது என்று நூறு மில்லி நொடிக்குள் ஏலம் நடந்து முடிய வேண்டும். அதில் பொறியியல் சவால் குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கல்லூரித் தோழி ஒருத்தி அதே துறையில் இருக்கிறாள். ஒரு கணினியில் இருந்து இன்னொன்றுக்குப் போகும் தகவலில் இரண்டு மில்லி நொடி மிச்சம் பிடித்த கதையைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அவளுக்கு நிறைவு அங்கே இருக்கிறது. நோயாளிக்கு உதவும் வேலைதான் உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்ற தராசு எனக்கு வேண்டாம். நிறைவு எந்தக் காரியத்தில் வருகிறது என்று ஒவ்வொருவரும் தன் நாளைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் பார்த்த விதம் இது. போன வாரம் எந்த வேலையில் மணி பார்க்காமல் இருந்தேன்? அந்த வேலை புதிய பதவியில் வாரத்தில் எத்தனை மணி நேரம் இருக்கும்? நான் எடுத்த முடிவை மாற்ற யாருக்கு அதிகாரம் இருக்கிறது? நான் செய்ததைப் பயன்படுத்துபவரை எப்போதாவது பார்ப்பேனா? முதல் கேள்விக்குப் பதில் என்னிடமே இருந்தது. மற்றவற்றைப் புதிய இடத்தின் மேலாளரிடமே கேட்டேன். நல்ல மனிதர், நேராகப் பதில் சொன்னார்: முதல் ஆண்டு பெரும்பாலும் பழைய நிரலைப் பராமரிக்கும் வேலை, முடிவுகள் வெளிநாட்டில் இருக்கும் குழுவிடம். எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

‘நிறைவெல்லாம் வயிறு நிறைந்தவர்களின் பேச்சு’ என்று ஒரு வாதம் உண்டு. அதை நான் மதிக்கிறேன், ஆனால் முழுதாக ஏற்க என்னால் முடியாது. காரணம் என் அப்பா.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். வட ஆற்காட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன் சுரங்கத்துக்கு வந்த குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் டிம்பர்மேன், அதாவது பாறை இடிந்து விழாமல் மரத்தால் முட்டுக் கொடுக்கும் வேலை. அந்தச் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறை தானாக வெடித்துச் சிதறும். வெப்பம் தாங்க முடியாது. பாறைத் தூசி நுரையீரலில் படிந்து எத்தனையோ பேரைக் கொண்டுபோயிருக்கிறது. சம்பளம் ஒன்றும் பெரிதில்லை. அந்த வேலையை அழகாக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை. இருந்தும், தான் வைத்த முட்டுகளைப் பற்றி அப்பா பேசும்போது அவர் குரல் மாறும். மரத்தைத் தட்டிப் பார்த்தே சத்தத்தில் பாரம் ஏறியிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அவர் முட்டுக் கொடுத்த இடத்தில் மற்றவர்கள் பயமில்லாமல் வேலை செய்வார்கள் என்பதுதான் அவர் பெருமை.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. நூற்று இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய இடம். அப்புறம் தங்கவயல் ஆட்கள் நிறையப் பேர் செய்ததைத்தான் அப்பாவும் செய்தார்: விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூர் வந்து, ஒரு கட்டடத்தில் செக்யூரிட்டி வேலை பார்த்து, ராத்திரி வீடு திரும்பினார். உயிருக்கு ஆபத்து இல்லாத வேலை. ஆனால், “சும்மா உக்காந்திருக்கிறதுதாம்மா கஷ்டமா இருக்கு, நான் இல்லன்னாலும் அந்த கேட்டு அப்படியேதான் இருக்கும்” என்று என்னிடம் சொன்னார். அப்போது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். தேர்ந்தெடுக்க எந்த வழியும் இல்லாத ஒரு மனிதருக்கும் தன் வேலை யாருக்காவது பயன்பட வேண்டும் என்ற தவிப்பு இருந்தது. அந்தத் தவிப்பைப் பணக்காரர்களின் சொகுசு என்று சொல்வது அவரைப் போன்றவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அதே சமயம், கேட்டருகே அவர் உட்கார்ந்து வாங்கிய அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். இதையும் மறக்க முடியாது.

ஆராய்ச்சிகளும் இதைச் சுற்றியே வருகின்றன. உளவியலாளர் டேனியல் கானமனும் பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டனும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் ஆண்டு வருமானம் 75,000 டாலர் வரை அன்றாட மகிழ்ச்சி கூடுகிறது, அதற்கு மேல் கூடுவதில்லை என்றார்கள். ஓர் அளவுக்கு மேல் பணம் தேவையில்லை என்று சொல்ல விரும்பியவர்களெல்லாம் இதைப் பிடித்துக்கொண்டார்கள். 2021-இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் என்பவர், அப்படி ஒரு எல்லையே இல்லை, மேலே போகப் போகவும் மகிழ்ச்சி கூடுகிறது என்று காட்டினார். பிறகு கானமனும் அவரும் பார்பரா மெல்லர்ஸும் சேர்ந்து தரவுகளை மறுபடி பார்த்து, 2023-இல் எழுதினார்கள்: பெரும்பாலானவர்களுக்கு வருமானத்தோடு மகிழ்ச்சி ஏறிக்கொண்டே போகிறது, மிகவும் துன்பத்தில் இருக்கும் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஓர் அளவுக்கு மேல் பணம் உதவுவதில்லை.

இதில் நான் முக்கியமாகப் பார்ப்பது வேறு. மகிழ்ச்சியின் ஏற்றம் ரூபாய்க் கணக்கில் நடப்பதில்லை, விகிதக் கணக்கில் நடக்கிறது. மாதம் 25,000 வாங்குபவருக்கு 16,000 கூடினால் வாழ்க்கையே மாறும். ஒன்றரை லட்சம் வாங்கும் எனக்கு அது பத்து சதவீதம். ஆஃபரைப் பார்க்கும்போது ‘எவ்வளவு கூடுகிறது’ என்பதோடு ‘என்னிடம் இருப்பதில் எத்தனை பங்கு கூடுகிறது’ என்றும் கேட்க வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1950-களில் பிட்ஸ்பர்க் நகரில் பொறியாளர்களையும் கணக்கர்களையும் பேட்டி கண்டு சொன்னதும் எனக்குப் பொருந்துகிறது. வேலையில் எரிச்சலைக் கிளப்புபவை ஒரு வகை: சம்பளம், மேற்பார்வை, கம்பெனியின் விதிகள். நிறைவைத் தருபவை இன்னொரு வகை: செய்து முடித்தது, அங்கீகாரம், பொறுப்பு, வேலையின் தன்மை. சம்பளம் நியாயமாக இருந்தால் எரிச்சல் போகும். அதனாலேயே நிறைவு வந்துவிடாது. நிறைவு இருக்கிறது என்பதால் சம்பளக் குறை மறந்தும் போகாது.

இந்தக் கடைசி வரி முதலாளிகளின் காதில் விழ வேண்டும். ‘சேவை மனப்பான்மை உள்ளவர்கள் தேவை’ என்று விளம்பரம் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. என் அண்ணி ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. சம்பளம் கூட்டிக் கேட்டபோதெல்லாம் ‘குழந்தைகளுக்காகத்தானே செய்கிறீர்கள்’ என்று பதில் வந்தது. நர்ஸ்களிடமும் இதையே சொல்கிறார்கள். ஒருவர் தன் வேலையை நேசிப்பது, அவருக்குக் குறைத்துக் கொடுப்பதற்குக் கிடைத்த உரிமை ஆகாது. வேலை பிடித்திருக்கிறது என்று சொல்பவர்கள்தான் சம்பளத்தைப் பற்றி இன்னும் உரக்கப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

பணத்தைத் தேர்ந்தெடுத்தவர் சரியாகச் செய்தார் என்று நான் நம்பும் ஒரு கதையும் இருக்கிறது. என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி. சின்னக் கம்பெனி ஒன்றில் பம்புகளைச் சோதிக்கும் வேலை, உயிரை விட்டுச் செய்வான். சித்தப்பாவின் நுரையீரல் சிகிச்சைக்கு 6 லட்சம் வெளியில் வாங்கியிருந்தார்கள், மாதம் ரெண்டு வட்டி. அசலில் ஒரு ரூபாய் குறையாமல் வட்டி மட்டும் மாதம் 12,000. அவனுக்கு ராத்திரி ஷிஃப்டில் வெளிநாட்டு வங்கிக்கான வேலை ஒன்று கிடைத்தது, சம்பளம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பிடிக்காத வேலை. “நிறைவு அப்புறம் வரட்டும்க்கா, முதல்ல வட்டிக்காரர் வாசலுக்கு வராம இருக்கணும்” என்றான். ஆண்டுக்கு 24 சதவீத வட்டி ஓடும் வீட்டில், பிடித்த வேலையை விடாதே என்று அறிவுரை சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. அவன் ஒன்று செய்தான்: கடன் எந்த மாதம் தீரும் என்று கணக்குப் போட்டு, அதுவரை வண்டியும் மாற்றவில்லை, வீடும் மாற்றவில்லை. கடன் தீர்ந்தது. இப்போது பகல் வேலை தேடிக்கொண்டிருக்கிறான், கொஞ்சம் குறைந்த சம்பளமானாலும் சரி என்கிறான்.

அவனால் அப்படிச் சொல்ல முடிகிறது. என்னோடு வேலை பார்த்த பலரால் முடியவில்லை. 2021-இல் ஆட்களை எடுக்க கம்பெனிகள் போட்டி போட்டபோது சம்பளம் இரட்டிப்பாகிப் போனவர்கள் அடுத்த சில மாதங்களில் அபார்ட்மென்ட் வாங்கினார்கள். 80 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் இ.எம்.ஐ. மாதம் ஏறக்குறைய 69,400. சொந்த வீடு வேண்டும் என்பதில் தவறே இல்லை. சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்த எனக்கு அந்த ஆசை நன்றாகவே தெரியும். ஆனால் அந்தக் கையெழுத்தைப் போட்ட நாளில், அடுத்து வரும் எல்லா வேலை முடிவுகளையும் சேர்த்தே எடுத்துவிட்டோம் என்பதை வங்கியில் யாரும் சொல்வதில்லை. 2022-இலும் 2023-இலும் ஆட்குறைப்பு வந்தபோது அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தேன். கூடிய சம்பளத்தில் முதல் இரண்டு ஆண்டு பழைய சம்பளக்காரர் போலவே வாழ்ந்தால், திரும்பி வர ஒரு வழி மிச்சமிருக்கும். கேட்கும் இளையவர்களுக்கெல்லாம் நான் சொல்வது இதைத்தான்.

இன்னொரு விஷயம், கிராஜுவிட்டி. நிரந்தர ஊழியருக்கு ஐந்து ஆண்டு சேவை வேண்டும். மாத அடிப்படைச் சம்பளத்தை 15 ஆல் பெருக்கி 26 ஆல் வகுத்து, ஆண்டுகளால் பெருக்கினால் வரும் தொகை. அடிப்படை ஒரு லட்சம் என்றால் ஐந்து ஆண்டுக்குச் சுமார் 2.88 லட்சம். நான்காம் ஆண்டில் கிளம்புகிறவர்கள் இதைச் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். புதிய இடத்தில் ஜாய்னிங் போனஸ் கொடுத்தால், ஓராண்டுக்குள் விட்டால் திருப்பித் தர வேண்டுமா என்றும் படித்துவிட வேண்டும்.

சரி, நான் என்ன செய்தேன் என்றால், இந்தக் கணக்கு முழுவதையும் எடுத்துக்கொண்டு என் மேலாளரிடம் போனேன். வெளியில் என்ன விலை இருக்கிறது என்று காட்டினேன். இங்கே இருக்க விரும்புகிறேன், ஆனால் அதற்காகக் குறைத்து வாங்க விரும்பவில்லை என்று சொன்னேன். இரண்டு வாரம் இழுத்து, 26 லட்சமாக்கினார்கள், எல்லாமே நிலையான சம்பளம். கைக்கு மாதம் 1.63 லட்சம் வருகிறது. 36 லட்ச வேலையில் உறுதியாக வந்திருக்கக்கூடியதற்கும் இதற்கும் இப்போது வித்தியாசம் 4,000 ரூபாய். அம்மாவுக்கு இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். அவர் தாளை இரண்டு முறை பார்த்துவிட்டு, “அப்போ அந்த மிச்சத்தையெல்லாம் எதுக்கும்மா லெட்டர்ல எழுதுறாங்க?” என்று கேட்டார்.

நான் இங்கேயே காலம் முழுக்க இருப்பேன் என்று சொல்ல மாட்டேன். எந்த எண்ணுக்குக் கிளம்புவேன் என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன்: வேரியபிளும் பங்கும் சேராமல், மாதம் கைக்கு 60,000 கூடுதல். மகள் கல்லூரிக்குப் போகும் காலத்தில் அந்த எண் இன்னும் கீழே இறங்கலாம். அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்தால் மேலே ஏறலாம். ஒவ்வொரு ஏப்ரலிலும் சம்பள உயர்வுக் கடிதம் வந்தவுடன் அந்தத் தாளை எடுத்துத் திருத்துகிறேன். மணி பார்க்காமல் செய்யும் வேலை வாரத்தில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதும் அதே தாளில், அடுத்த வரியில் இருக்கிறது.